ஸ்டார்ஷிப் கேரியரை டிசைன் செய்வது எப்படி? சிவகாசி பட்டாசு ஷெட் கற்றுத்தரும் பாடங்கள்

விருதுநகரில் இருந்து சிவகாசிக்கு பஸ்ஸில் போகும்போது ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். கரிசல் காடு, கருவேல மரங்கள். நடுநடுவே யாரோ தீப்பெட்டிகளை அள்ளி வீசியது போல அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னச் சின்ன அறைகள். 'இவ்வளவு இடம் கிடக்கே, எல்லாத்தையும் ஒரே பில்டிங்கா கட்டிட்டா வேலை சுலபமா இருக்குமே' என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றும். உள்ளூர்க்காரர்களுக்குக் காரணம் தெரியும். பட்டாசு ஆலையை ஒரே கட்டடமாகக் கட்டினால், ஒரே ஒரு பொறியில் மொத்தமும் போய்விடும்.

இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கொஞ்சம் கற்பனைக்குப் போவோம்.

நீங்கள் ஒரு சயின்ஸ் ஃபிக்‌ஷன் கதை எழுதுகிறீர்கள். வெப் சீரிஸாக இருக்கலாம், மொபைல் கேமாக இருக்கலாம், காமிக்ஸாகவும் இருக்கலாம். அதில் 24 போர் விண்கலங்களை வயிற்றுக்குள் சுமந்து செல்லும் ஒரு ராட்சதத் தாய்க்கலம் வருகிறது. அதன் பெயர்தான் ஸ்டார்ஷிப் கேரியர். அதை எப்படி வரைவீர்கள்?

பத்தில் ஒன்பது பேர் ஒரே மாதிரிதான் வரைவார்கள். மேலே நீளமான ஓடுதளம். உள்ளே கிரிக்கெட் ஸ்டேடியம் சைஸில் ஒரு ஹேங்கர். அதில் வரிசையாக நிற்கும் விண்கலங்கள், பக்கத்திலேயே அடுக்கி வைத்த ஏவுகணைகள், எரிபொருள் குழாய்கள். பார்க்க செம கெத்தாக இருக்கும். ஆனால், சிவகாசியில் 10 வருடம் வேலை பார்த்த ஒரு ஃபோர்மேன் இந்தப் படத்தைப் பார்த்தால் முதலில் கேட்கும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்: "மருந்தை எங்க வெச்சிருக்கீங்க?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

விண்வெளியில் கேரியர் எதற்கு?

கடலில் விமானம் தாங்கிக் கப்பலின் தேவை எளிதாகப் புரியும். கப்பல் மெதுவாகப் போகும், ஆனால் நாள் கணக்கில் போகும். விமானம் வேகமாகப் பறக்கும், ஆனால் சில மணி நேரத்தில் எரிபொருள் தீர்ந்துவிடும். ஒன்றின் குறையை இன்னொன்று ஈடுகட்டுகிறது.

விண்வெளியில் தாய்க்கலமும் குட்டிக்கலமும் ஒரே வெற்றிடத்தில்தான் பறக்கின்றன. அப்படியென்றால் குட்டிக்கலங்களைத் தனித்தனியாகவே அனுப்பிவிடலாமே? இங்குதான் எரிபொருள் கணக்கு வருகிறது. இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் பெரிய வகையை எடுத்துக்கொள்வோம். கிளம்பும்போது அதன் எடை சுமார் 320 டன். துருவச் சுற்றுப்பாதையில் அது கொண்டுபோய் விடும் செயற்கைக்கோள்களின் எடை 2 டன்கூட இல்லை. மீதியில் பெரும்பகுதி வழியில் எரிந்து தீரும் எரிபொருள். விண்வெளியில் வேகத்தைக் கூட்டுவதற்கும் எரிபொருள் வேண்டும், குறைப்பதற்கும் வேண்டும், திரும்புவதற்கும் வேண்டும்.

அதனால், சின்னப் போர்க்கலம் ஒன்றால் கிரகம் விட்டு கிரகம் தானாகப் போய்வர முடியாது. யாராவது அதைத் தூக்கிக்கொண்டு போய், போரிடும் இடத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிட வேண்டும். திரும்பி வந்ததும் எரிபொருள் நிரப்ப வேண்டும், ஆயுதம் ஏற்ற வேண்டும், பைலட்டுக்குச் சோறு போட வேண்டும். பெட்ரோல் பங்க், ஒர்க்‌ஷாப், குடோன், ஆஸ்பத்திரி, ஹாஸ்டல் எல்லாம் சேர்ந்ததுதான் ஸ்டார்ஷிப் கேரியர்.

ஓடுதளம் வேண்டாமா?

வேண்டாம். கடலில் ஓடுதளம் எதற்கு என்றால், இறக்கைகள் மேலெழும்ப காற்று வேகமாக அடிக்க வேண்டும் என்பதற்காக. 2022 செப்டம்பர் 2-ம் தேதி கொச்சியில் கடற்படையில் சேர்க்கப்பட்ட ஐ.என்.எஸ். விக்ராந்த் 262 மீட்டர் நீளம். விமானங்கள் கிளம்புவதற்காக அதன் முன்பகுதியைச் சறுக்கு மேடை போல மேல்நோக்கி வளைத்திருக்கிறார்கள். காற்றே இல்லாத இடத்தில் இதற்கெல்லாம் வேலை கிடையாது.

ஓடுதளம் இல்லாத கேரியர் நிஜத்திலேயே இருந்திருக்கிறது. 1930-களில் அமெரிக்கக் கடற்படை ஆக்ரான், மேக்கான் என்ற இரண்டு ராட்சத வான்கப்பல்களை வைத்திருந்தது. அவற்றின் வயிற்றுக்குள் சின்னப் போர் விமானங்கள் இருந்தன. கிளம்பும்போது ஒரு கொக்கியில் தொங்கவிட்டு, கீழே இறக்கி, விடுவித்துவிடுவார்கள். திரும்பி வரும் விமானம் வான்கப்பலின் வேகத்துக்கு ஈடாகப் பறந்து வந்து அதே கொக்கியில் மாட்டிக்கொள்ளும். விண்வெளி கேரியருக்கு நிஜ உலகில் இதைவிட நெருக்கமான சொந்தக்காரர் இல்லை.

'பாபிலோன் 5' தொலைக்காட்சித் தொடரில் இன்னும் எளிய வழி ஒன்றைக் காட்டியிருப்பார்கள். சுழலும் விண்வெளி நிலையத்தின் விளிம்பில் இருந்து போர்க்கலத்தைச் சும்மா விட்டுவிடுவார்கள். சுழற்சி வேகமே அதை வெளியே தூக்கி எறிந்துவிடும். ராட்டினத்தில் கையை விட்டால் என்ன ஆகுமோ, அதே கதைதான்.

கூட்டமாகக் கிளப்புவதற்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. 2017 பிப்ரவரி 15-ல் பி.எஸ்.எல்.வி. சி-37 ஒரே பயணத்தில் 104 செயற்கைக்கோள்களை விண்ணில் விட்டது. எல்லாவற்றையும் ஒரே நொடியில் கொட்டிவிடவில்லை. ஒன்றோடொன்று மோதாதபடி திசையையும் நேரத்தையும் மாற்றி மாற்றி வரிசையாக விட்டார்கள்.

கிளம்புவது சுலபம், திரும்பி வந்து சேர்வதுதான் கஷ்டம். இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் திட்டத்தில் 220 கிலோ எடையுள்ள இரண்டு செயற்கைக்கோள்கள் 2024 டிசம்பர் 30-ல் ஏவப்பட்டன. அவை விண்வெளியில் ஒன்றோடொன்று இணைந்தது 2025 ஜனவரி 16-ல். இடையில் இரண்டு முறை தேதி தள்ளிப்போனது. ஒருமுறை 3 மீட்டர் வரை நெருங்கி, பிறகு பாதுகாப்பாகப் பின்வாங்கின. உங்கள் கதையில் 24 போர்க்கலங்கள், அதில் பாதி அடிவாங்கியவை, பதற்றத்தில் இருக்கும் பைலட்டுகளோடு ஒரே நேரத்தில் திரும்பி வருகின்றன என்றால், அந்தக் காட்சியை இரண்டு வரியில் முடித்துவிடாதீர்கள். கதையின் சிறந்த அத்தியாயமே அதுவாக இருக்கலாம்.

சரி, ஓடுதளப் பிரச்னை தீர்ந்தது. இனி ஃபோர்மேனின் கேள்விக்கு வருவோம்.

எதிரி தேவையில்லை, சரக்கே போதும்

2017-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்: தி லாஸ்ட் ஜெடை' படம் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். எதிரியின் போர்க்கலம் ஒன்று கதாநாயகர்களின் தாய்க்கலத்துக்குள் நுழைந்து ஹேங்கரை நோக்கிச் சுடுகிறது. கிளம்பத் தயாராக நின்ற போர்க்கலங்கள் எல்லாம் சில நொடிகளில் சாம்பல். கப்பலின் மொத்த விமானப்படையும் ஒரே அறைக்குள் இருந்ததன் விலை அது.

சினிமாவுக்காகச் செய்த மிகை என்று நினைக்க வேண்டாம். நிஜத்தில் இதைவிட மோசமாக நடந்திருக்கிறது.

1942 ஜூன் 4, பசிபிக் கடலில் மிட்வே போர். ஜப்பானிய விமானம் தாங்கிக் கப்பல்களில் விமானங்களின் ஆயுதத்தை மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. கொஞ்ச நேரத்தில் அதையே மறுபடி மாற்றச் சொல்லி இன்னொரு உத்தரவு. கழற்றிய குண்டுகளைக் கீழே உள்ள கிடங்குக்குக் கொண்டுபோக நேரமில்லை. எரிபொருள் நிரப்பிய விமானங்களுக்குப் பக்கத்தில், மூடிய ஹேங்கருக்குள்ளேயே விட்டுவிட்டார்கள். அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டுகளில் விழுந்தவை சிலதான். ஆனால், சில நிமிடங்களுக்குள் அகாகி, காகா, சோரியு என்ற மூன்று கப்பல்கள் அணைக்க முடியாத நெருப்பில் சிக்கின. எதிரி கொண்டுவந்தது தீக்குச்சி மட்டும்தான், வெடித்தது கப்பலின் சொந்தச் சரக்கு.

1944 ஜூன் 19-ல் தைஹோ என்ற ஜப்பானியக் கப்பலுக்கு நடந்தது இன்னும் விசித்திரம். ஒரே ஒரு டார்பிடோதான் தாக்கியது. கப்பல் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளே விமான எரிபொருள் கசிந்து ஆவி பரவியது. அந்த ஆவியை வெளியேற்றலாம் என்று காற்றோட்டக் குழாய்களைத் திறந்துவிட்டார்கள். ஆவி கப்பல் முழுக்கப் பரவியதுதான் மிச்சம். சுமார் 6 மணி நேரம் கழித்து எங்கோ ஒரு பொறி விழுந்தது. அன்றே கப்பல் மூழ்கியது.

மூன்றாவது கதையில் எதிரியே கிடையாது. 1967 ஜூலை 29, அமெரிக்காவின் யு.எஸ்.எஸ். ஃபாரஸ்டல். மேல்தளத்தில் நின்ற ஒரு விமானத்தின் ராக்கெட், மின்சாரக் கோளாறால் தானாகவே பாய்ந்து இன்னொரு விமானத்தின் எரிபொருள் தொட்டியைக் கிழித்தது. தீப்பிடித்த ஒன்றரை நிமிடத்தில், சூடு தாங்காமல் பழைய குண்டுகள் வெடிக்கத் தொடங்கின. தீயணைக்க முதலில் ஓடியவர்களில் பெரும்பாலானோர் அதில் இறந்தார்கள். மொத்தம் 134 உயிர்கள். அந்த ராக்கெட்டின் மின் இணைப்பைக் கிளம்பும் கடைசி நொடியில்தான் கொடுக்க வேண்டும் என்பது விதி. நேரத்தை மிச்சப்படுத்த முன்கூட்டியே இணைத்துவிடும் பழக்கம் அந்தக் கப்பலில் இருந்தது.

மூன்று கதையிலும் கேரியரின் பெரிய ஆபத்து அதன் வயிற்றுக்குள்ளேயே இருந்தது. இந்த ஆபத்தோடு தினமும் காலையில் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போகும் ஊர் ஒன்று நம் மாநிலத்தில் இருக்கிறது.

தீப்பெட்டியில் தொடங்கிய ஊர்

மழை குறைந்த, வறண்ட பூமி. விவசாயத்தை நம்ப முடியாத ஊர். 1922-ல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொள்ள கல்கத்தாவுக்குப் போனார்கள். அவர்கள் திரும்பி வந்து தொடங்கிய தொழில் பின்னாளில் பட்டாசாகவும், அதற்கு லேபிள் அச்சடிப்பதில் வேரூன்றிய அச்சுத் தொழிலாகவும் கிளைவிட்டது. விவசாயத்துக்குக் கைகொடுக்காத அதே வறண்ட வானிலை, மருந்தைக் காயவைக்க மிக வசதியாக இருந்தது.

அச்சுத் தொழில் என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வரும். தமிழில் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்படும் முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் இரண்டுமே சிவகாசியில் இருந்துதான் வருகின்றன. இரும்புக்கை மாயாவியையும் இயந்திர மனிதன் ஆர்ச்சியையும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்திய ஊர், ஸ்டார்ஷிப்புக்கு அந்நிய ஊர் இல்லை.

இங்கே 'மருந்து' என்றால் மாத்திரை இல்லை, வெடிமருந்து. அடிப்படையில் வெடியுப்பு, கந்தகம், கரித்தூள். ரகத்துக்கு ஏற்ப அலுமினியத் தூளும் மற்ற ரசாயனங்களும் சேரும். இதைக் கையாள 1884-ம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும், அதன் கீழ் 2008-ல் வந்த விதிகளும் இருக்கின்றன. அந்த விதிகளின் சாரத்தை எடுத்து நம் கேரியருக்குப் பொருத்திப் பார்ப்போம்.

பாடம் 1: பெரிய அறை கட்டாதே

பட்டாசு ஆலையில் மருந்தைக் கையாளும் அறைகள் சிறியவை. ஓர் அறையில் அதிகபட்சம் 4 பேர்தான் வேலை செய்யலாம். இருக்க வேண்டிய மருந்தின் அளவுக்கும் உச்சவரம்பு உண்டு. 'விபத்தே நடக்காது' என்று இந்த விதி நம்பவில்லை. நடந்தால் எத்தனை பேர் என்ற கணக்கை முன்கூட்டியே போட்டு வைத்திருக்கிறது. கேட்கவே கஷ்டமான கணக்குதான். ஆனால், நேர்மையான கணக்கு.

உங்கள் கேரியரில் 24 போர்க்கலங்களை ஒரே ஹேங்கரில் நிறுத்தினால், ஒரு அடியில் 24-ம் போகும். தனித்தனிச் சுவர்களோடு 6 அறைகளில் நாலு நாலாக நிறுத்தினால், அதே அடியில் 4 போகும், 20 மிஞ்சும். ஐ.என்.எஸ். விக்ராந்துக்குள் சுமார் 2,200 தனித்தனி அறைகள் இருக்கின்றன. கப்பல் கட்டுபவர்கள் சுவர் எழுப்ப ஆசைப்பட்டு அவ்வளவு அறை கட்டவில்லை.

பாடம் 2: தூரமும் ஒரு சுவர்தான்

அறைக்கும் அறைக்கும் இடையில் இவ்வளவு இடைவெளி வேண்டும் என்று விதி இருக்கிறது. தேவைப்பட்ட இடத்தில் நடுவே மண் கரை எழுப்புவார்கள். ஓர் அறை வெடித்தால் அதிர்வும் தெறிக்கும் கல்லும் அடுத்த அறையை எட்டக் கூடாது. பஸ் ஜன்னலில் பார்த்த அந்தச் சிதறிய தீப்பெட்டிகளுக்குக் காரணம் இதுதான்.

விண்வெளியில் இது இன்னும் சுவாரசியம். காற்று இல்லாததால் அதிர்வலை பரவாது. ஆனால், தெறிக்கும் துண்டுகளைத் தடுத்து நிறுத்தவும் எதுவும் இல்லை, அவை போய்க்கொண்டே இருக்கும். தூரம் இரண்டு மடங்கானால், ஒரே அளவு பரப்பில் வந்து விழும் துண்டுகள் நான்கில் ஒரு பங்காகக் குறையும். அதனால் ஆயுதக் கிடங்கைக் கப்பலின் நடுவில் பொத்தி வைக்காமல், நீளமான சாரத்தின் முனையில் தள்ளி வைப்பது புத்திசாலித்தனம். 1968-ல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்தின் டிஸ்கவரி விண்கலம் நினைவிருக்கிறதா? ஆட்கள் இருக்கும் உருண்டை ஒரு முனையில், அணு எஞ்சின் மறு முனையில், நடுவில் நீண்ட முதுகெலும்பு. அதே லாஜிக்.

பாடம் 3: வேலைகளைக் கலக்காதே

கலப்பது ஓர் இடம், நிரப்புவது ஓர் இடம், காயவைப்பது ஓர் இடம், முடிந்த சரக்கை அடுக்கும் மேகசின் வேறு ஓர் இடம். சில ரசாயனங்களையும் ஒன்றாகச் சேர்க்கவே கூடாது. குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவை லேசான உராய்விலேயே வெடிக்கும் என்பதால் இந்தியாவில் அதற்குத் தடை.

கேரியரிலும் எரிபொருள் நிரப்பும் அறையில் ஆயுதம் ஏற்றக் கூடாது. ஆயுதம் ஏற்றும் அறையில் எஞ்சினைப் பழுது பார்க்கக் கூடாது. மிட்வேயில் மூன்றும் ஒரே கூரையின் கீழ் நடந்தன.

பாடம் 4: சின்ன விஷயம்தான் கொல்லும்

பட்டாசு விபத்துச் செய்திகளில் நீங்கள் அடிக்கடி படிக்கும் வார்த்தை 'உராய்வு'. பெரிய தவறு எதுவும் தேவையில்லை. இழுத்து வைத்த ஒரு தட்டு, கால் செருப்பு, நைலான் துணியில் சேரும் நிலை மின்சாரம் போதும். அதனால்தான் பருத்தி உடை, தரையில் ரப்பர் விரிப்பு, அறைக்குள் நுழையும் முன் உடம்பில் உள்ள மின்னூட்டத்தை இறக்க எர்த் செய்த உலோகத் தகட்டைத் தொடுவது போன்ற ஏற்பாடுகள்.

விண்வெளியில் இந்தப் பிரச்னை குறையாது, கூடும். சூரியனில் இருந்து வரும் துகள்களால் கலங்களின் மேற்பரப்பில் மின்னூட்டம் சேரும். இரண்டு கலங்கள் தொட்டுக்கொள்ளும்போது பொறி பறக்க வாய்ப்பு உண்டு. உங்கள் கதையில் திரும்பி வரும் ஒவ்வொரு போர்க்கலமும் ஹேங்கருக்குள் நுழையும் முன் ஒரு தகட்டைத் தொட்டுவிட்டு வரட்டுமே. சிவகாசிக்காரர்கள் படித்தால் உடனே புரிந்துகொள்வார்கள்.

பாடம் 5: மிச்சத்தை நாளைக்கு வைக்காதே

கலந்த மருந்தை அன்றே பயன்படுத்திவிட வேண்டும். மிஞ்சினால் முறைப்படி அழிக்க வேண்டும். அலுமினியத் தூள் கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால், அது தானாகவே உள்ளுக்குள் சூடேறும். ஒரு நாள் கழித்துத் திறந்து கிளறும் கைக்கு அது தெரியாது.

விண்வெளியில் ஈரம் இல்லை, வெப்பம் இருக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையத்தின் வெளிப்புறத்தில் வெயில் படும் பக்கம் சுமார் 120 டிகிரி செல்சியஸ் வரை சுடும். நிழல் பக்கம் மைனஸ் 150-க்கும் கீழே போகும். ஆயுதக் கிடங்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது உங்கள் கப்பலின் கேப்டனுக்குத் தினசரித் தலைவலியாக இருக்கும்.

கதவைத் திறந்தால் தீ அணையாதா?

சயின்ஸ் ஃபிக்‌ஷன் ரசிகர்கள் இந்த இடத்தில் கை தூக்குவார்கள். 'விண்வெளியில் காற்றே இல்லையே, ஹேங்கர் கதவைத் திறந்துவிட்டால் தீ தானாக அணைந்துவிடுமே?'

2003-ல் மறு உருவாக்கமாக வந்த 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா' தொடரில் இதைத்தான் செய்வார்கள். கப்பலில் தீ பரவுகிறது. துணைத் தளபதி அந்தப் பகுதியின் காற்றை வெளியேற்றச் சொல்கிறார். தீ அணைகிறது, கப்பல் பிழைக்கிறது. அந்தப் பகுதியில் இருந்த 85 பேர் இறந்துபோகிறார்கள்.

துணி, பிளாஸ்டிக், பெட்ரோல் என்றால் இந்த வழி பலிக்கும். ஆனால், வெடிமருந்துக்குப் பலிக்காது. வெடியுப்பின் வேலையே ஆக்சிஜனைக் கொடுப்பதுதான். வெளிக்காற்றை நம்பாமல், எரியத் தேவையானதைத் தன் மடியிலேயே கட்டிக்கொண்டு வருகிறது மருந்து. தீபாவளி ராக்கெட்டும் அப்படித்தான், பி.எஸ்.எல்.வி.-யின் முதல் கட்டத்தில் உள்ள சுமார் 138 டன் திட எரிபொருளும் அப்படித்தான். இந்தக் குணம் இருப்பதால்தான் ராக்கெட் வெற்றிடத்திலும் பறக்கிறது. அதே குணத்தால்தான் கதவைத் திறந்தாலும் கிடங்கு அணையாது.

அணைக்க முடியாது என்றால் வேறு என்ன செய்வது? வெடிப்பதற்கு வழிவிடலாம். அமெரிக்காவின் ஏப்ரம்ஸ் டாங்கியில் குண்டுகள் வைத்திருக்கும் பகுதிக்கு மேலே வேண்டுமென்றே பலவீனமான மூடிகள் வைத்திருக்கிறார்கள். உள்ளே வெடித்தால் மூடி பறந்து, நெருப்பு வானத்தை நோக்கிப் போய்விடும். வீரர்கள் இருக்கும் பக்கம் உறுதியான கதவு. நம் கேரியரின் கிடங்கிலும் கப்பலைப் பார்த்த சுவர் பலமாகவும், விண்வெளியைப் பார்த்த சுவர் லேசாகவும் இருக்கட்டும்.

இவ்வளவு விதி இருந்தும் ஏன் வெடிக்கிறது?

இதுவரை படித்தவர்களுக்கு ஒரு கேள்வி உறுத்தியிருக்கும். சிவகாசிக்கு எல்லாம் தெரியும் என்றால், பிறகு ஏன் வருடா வருடம் அந்தச் செய்திகள்?

2012 செப்டம்பர் 5, சிவகாசி அருகே முதலிப்பட்டி. தீபாவளிக்கு இரண்டு மாதத்துக்குச் சற்று அதிகமாகவே இருந்தது. பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 38-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே இல்லை. முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவி செய்யவும் பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்துக்காரர்கள். அடுத்தடுத்த வெடிப்புகளில் சிக்கிக்கொண்டார்கள். ஃபாரஸ்டல் கப்பலில் தீயணைக்க முதலில் ஓடியவர்களுக்கு நடந்ததும் இதுதான். 2021 பிப்ரவரி 12, சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர். 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டியில் 8 பேருக்கும் மேல்.

விபத்துக்குப் பிந்தைய செய்திகளில் திரும்பத் திரும்ப வருபவை இவை: 4 பேர் இருக்க வேண்டிய அறையில் அதைவிட அதிகமானோர், அனுமதித்த அளவைத் தாண்டிய மருந்து, அறைக்கு வெளியே மரத்தடியில் நடந்த வேலை, உரிமம் ஒருவர் பெயரில் இருக்க அறைகளை வேறொருவர் நடத்தும் உள்குத்தகை. குத்தகைக்கு எடுத்தவர் போட்ட பணத்தை சீசனுக்குள் எடுத்தாக வேண்டும். செய்து முடித்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் தொழிலாளிக்கு, மெதுவாகச் செய்யும் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம். ஆர்டர் கொடுத்தவருக்குத் தீபாவளி தேதி தள்ளிப்போகாது.

மிட்வேயில் குண்டைக் கீழே கொண்டுபோக நேரமில்லை. ஃபாரஸ்டலில் நேரத்தை மிச்சப்படுத்த இணைப்பை முன்பே கொடுத்தார்கள். இரண்டு கப்பலிலும் விதி தெரியாதவர்கள் யாரும் இல்லை. விதியைப் பின்பற்றினால் அன்றைய வேலை முடியாது என்ற நிலைமைதான் இருந்தது.

ஸ்டார்ஷிப் டிசைனர் கற்றுக்கொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் இது. ஒரு கப்பல் பாதுகாப்பானதா என்பது சும்மா நிற்கும்போது தெரியாது. 24 போர்க்கலங்களும் திரும்பி வந்து, எதிரி பத்து நிமிட தூரத்தில் இருக்க, 'சீக்கிரம், சீக்கிரம்' என்று ஒலிபெருக்கி கத்தும்போது, களைத்துப்போன ஓர் ஊழியர் கையில் ஏவுகணையோடு நிற்கிறார். கிடங்குக்குப் போகும் சரியான வழி 8 நிமிடம். குறுக்கு வழி 2 நிமிடம். அவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? அவர் குறுக்கு வழியில் போனால், தப்பு அவர் மேல் மட்டுமா, 8 நிமிட வழியை வரைந்த உங்கள் மேலுமா?

நல்ல டிசைன் என்றால், சரியான வழியே சுலபமான வழியாகவும் இருக்க வேண்டும். ஆயுதம் ஏற்றும் அறைக்கு நேரடி லிஃப்ட். ஒரு நேரத்தில் ஒரு ஏவுகணைதான் ஏறும் அளவுக்குச் சின்னதாக. ஐந்தாவது ஆள் நுழைந்தால் பூட்டிக்கொள்ளும் கதவு. இவற்றுக்கெல்லாம் விலை உண்டு. சுவர் கூடினால் எடை கூடும், எடை கூடினால் எரிபொருள் கூடும். சிவகாசியில் இடைவெளி கூடினால் நிலம் கூடுதலாக வேண்டும், ஆள் குறைந்தால் உற்பத்தி குறையும். அந்த விலையை யார் கொடுப்பது என்ற சண்டைதான் இரண்டு இடத்திலும் உண்மையான சண்டை.

உங்கள் கேரியருக்கு ஒரு செக்லிஸ்ட்

வரைவதற்கு முன் இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பாருங்கள்:

• மருந்து எங்கே இருக்கிறது? ஆட்கள் தூங்கும் இடத்துக்கும் அதற்கும் எவ்வளவு தூரம்?

• ஓர் அறை முழுதாக வெடித்தால் எத்தனை கலம், எத்தனை பேர்?

• வெடிப்பு எந்தப் பக்கம் போகும்? அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?

• எரிபொருளும் ஆயுதமும் எந்த இடத்தில் முதல்முறையாகச் சந்திக்கின்றன?

• அவசரத்தில் எந்த விதி முதலில் மீறப்படும்?

• முதல் வெடிச்சத்தம் கேட்டதும் உதவிக்கு ஓடுபவர்களை யார் தடுத்து நிறுத்துவார்கள்?

கடைசிக் கேள்விக்கு ஃபாரஸ்டலுக்குப் பிறகு அமெரிக்கக் கடற்படை ஒரு பதில் கண்டுபிடித்தது. தீயணைப்பைச் சிறப்புக் குழுவின் வேலையாக விடாமல், கப்பலில் ஏறும் எல்லோருக்கும் அந்தப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது.

பக்கத்து மாவட்டமான தூத்துக்குடியின் குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. தென் மாவட்டப் பிள்ளைகள் தங்கள் ஊர் வானத்தில் நிஜ ராக்கெட் போவதைப் பார்க்கும் நாள் தூரத்தில் இல்லை. அவர்களில் யாராவது ஒருவர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு தாய்க்கலத்தை வரையத்தான் போகிறார். அவருடைய அம்மாவோ சித்தியோ மருந்து அறையில் வேலை பார்ப்பவராக இருந்தால், அவரிடம் ஒருமுறை அந்தப் படத்தைக் காட்டட்டும். 'இந்தக் கதவு உள்பக்கமா திறக்குது, வெளிப்பக்கமா திறக்கணும்' என்று அவர் சொல்லக்கூடும். வெடிபொருள் அறையின் கதவு வெளிப்பக்கமாகத்தான் திறக்க வேண்டும். ஓடி வருபவர்கள் இழுத்துக்கொண்டு நிற்க நேரம் இருக்காது.